முதுகில் ஒரு கோடு

புதுப்பேட்டை நூருல்லா கடையில்
ஆறு போல்ட்டைக் கழற்றிப்
பின் மட்கார்டை எடுத்தபோது
வண்டி மெலிந்து நின்றது,
மொட்டை போட்ட பையனின் பிடரி மாதிரி.
"பழசை வச்சுக்கோ" என்றார். வாங்கவில்லை.
நம்பர் பிளேட்டைச் சீட்டுக்கு அடியில்
மேல்நோக்கி வளைத்துத் தரச் சொன்னேன்.
"இத யாருப்பா படிக்கிறது?"
காக்கா படிக்கட்டும் என்றேன்.

தேனாம்பேட்டை சிக்னலில் ஒருநாள்
ஓரங்கட்டினார் சப்-இன்ஸ்பெக்டர் பரிமளா.
பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று வைத்திருந்தார்,
மரத்தில், முனை கடித்தது,
மகளுடையதாய் இருக்கும்.
பின்பக்கம் எழுத்து முப்பத்தைந்து மில்லிமீட்டர்,
எண் நாற்பது, தடிமன் ஏழு, இடைவெளி ஐந்து.
சொல்லிக்கொண்டே அளந்தார்.
என் எண்கள் சாய்ந்து கொக்கி போட்டிருந்தன.
ஒன்பது தன் வாலை எட்டுக்குக் கொடுத்திருந்தது.
"கம்பெனி குடுத்தத இஷ்டத்துக்கு மாத்தக் கூடாது தம்பி."
அபராதம் கட்டினேன். ரசீது பர்ஸில் வெளுத்துப்போனது.
பிளேட் அப்படியே இருந்தது.

மழை நாளில் சக்கரம் எழுதும்:
இடுப்பில் தொடங்கிக் கழுத்துவரை
நடுமுதுகில் சேற்றுக் கோடு.
அணிலுக்கு மூன்று. எனக்கு ஒன்று.
இஸ்திரிக் கடை ரேணு என் சட்டைகளைச்
சீட்டுப் பார்க்காமலே எடுத்துவைப்பார்.
பின்னால் வந்தவர்கள் முகத்தில் என்ன தெறித்ததென்று
நான் பார்த்ததில்லை.
பக்கக் கண்ணாடியையும் கழற்றியிருந்தேன்.

கார்த்திகை அடைமழை. வடபழனி.
பரோட்டா பார்சல் வாங்கிய ஆறு நிமிடத்தில்
வண்டி இல்லை.

ஸ்டேஷனில் நம்பர் கேட்டார்கள். சொன்னேன்.
ஏழு கேமராவில் தேடினார்கள்.
ஏழிலும் என் வண்டி தெளிவாகப் போனது.
ஏழிலும் பிளேட் இருந்த இடத்தில்
வானத்தைப் பார்த்து ஒரு பளபளப்பு.
"எபினேசர், இது உன் வண்டின்னு நீதான் சொல்ற.
கேமரா சொல்லலையே."

திருடன் ஹெல்மெட் போட்டிருந்தான். வெள்ளைச் சட்டை.
முதல் கேமராவில் முதுகு சுத்தம்.
விருகம்பாக்கத்தில் இடுப்பில் ஒரு பொட்டு.
வளசரவாக்கத்தில் பாதி முதுகு.
போரூர் போவதற்குள் கழுத்தைத் தொட்டுவிட்டது.
ரைட்டர் படத்தை நிறுத்தினார்.
என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.
"கொஞ்சம் திரும்பு."

துவைத்தும் போகாத கோட்டோடு
சுவரைப் பார்த்து நின்றேன்.
சாலை விதிகள் ஒட்டியிருந்தார்கள்.
எட்டாவது விதி வரை வாசித்தேன்,
அப்புறம்தான் உட்காரச் சொன்னார்கள்.

ஆடியில் ஆவடியிலிருந்து போன் வந்தது.
கண்டுபிடித்தவர் கோதண்டபாணி, ஸ்கூட்டர்க்காரர்.
தன் ஸ்கூட்டர் ஒருநாளும் போகாத செங்குன்றத்திலிருந்து
மூன்று அபராதம் வந்து
மனிதர் கொதித்துப்போயிருந்தார்.
அவர் எண் என் வண்டியில்.

ஸ்டேஷன் வாசலில் இரண்டு முறை தாண்டிப்போனேன்.
அடையாளம் தெரியவில்லை.
பின் மட்கார்டு இருந்தது, முழுசாக,
கீழே ரப்பர் மடிப்போடு.
கண்ணாடி இரண்டும் இருந்தன.
பிளேட் நிமிர்ந்து நின்றது,
வெள்ளையில் கறுப்பு, கொக்கி இல்லை.
உள்ளே போய் ஸ்கேல் கேட்டு வாங்கி வந்தேன்.
முப்பத்தைந்து. நாற்பது. ஏழு. ஐந்து.
ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை.
பொய்யை அத்தனை ஒழுங்காக எழுதியிருந்தான்.

பிளேட்டைக் கோர்ட்டுக்கென்று கழற்றிக்கொண்டார்கள்.
"மட்கார்டு உன்னுதா?"
இல்லை என்றேன்.
"அப்ப கழட்டிரலாமா?"

வெளியே தூறல் விழ ஆரம்பித்திருந்தது.
கோதண்டபாணி தன் ஸ்கூட்டரோடு
எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்,
வெள்ளை வேட்டியில்.